மூன்றில் இரண்டு

தனித்தனியே ஓடும் செயலிகளை ஒரே வேலையில் ஒன்றுபடுத்துவது நிகழ்நேரக் கணினித் துறையின் பழைய தலைவலி. ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கடிகாரம் உண்டு, எந்த இரு கடிகாரமும் ஒன்றுபோல ஓடுவதில்லை. ஆனாலும் ஆபத்து வரும்போது குறித்த நேரத்துக்குள் எல்லாம் சேர்ந்து ஒரே முடிவைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் தலைவலியோடு நெடுங்காலம் குடித்தனம் நடத்திய ஊர் எது என்றால் கல்பாக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை அடுத்துள்ள கடற்கரை ஊர் அது. 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்தோடு போய், 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1980களிலிருந்து அங்கே அணு உலைகள் இயங்குகின்றன. அவற்றின் பாதுகாப்பை ஒற்றைக் கருவியிடம் விடக்கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே விதி. பல கருவிகள் என்றானதும் அவற்றுக்கிடையே ஒத்த முடிவு எப்படி வரும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

அணு உலைக்கு வெகு முன்பே அதே கேள்வியை ரயில்வே சந்தித்திருந்தது. செங்கல்பட்டிலிருந்து அரக்கோணத்துக்குப் பிரியும் பாதையைப் போன்ற ஒற்றைத் தடத்தில், இரு முனையிலும் இரு நிலைய அதிகாரிகள் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, கையில் இருப்பது மணியும் கம்பியும் மட்டுமே. இருவரும் ஒரே நேரத்தில் வண்டியை அனுப்பிவிட்டால் நடுவழியில் மோதல். தென்னிந்திய ஒற்றைத் தடங்களில் பரவலாகப் பயன்பட்ட நீல்ஸ் பந்து டோக்கன் கருவி இதை மனிதர்களின் நினைவாற்றலுக்கு விடவில்லை. மறுமுனை அதிகாரி கருவியை இயக்கிச் சம்மதம் தந்தால்தான் இம்முனையில் இரும்புப் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரு கருவிகளில் எதுவும் அடுத்த பந்தைத் தராது. ஓட்டுநர் அந்தப் பந்தை வளையத்தோடு கூடிய பையில் எடுத்துக்கொண்டு மறுமுனையில் ஒப்படைக்க வேண்டும். இரு அதிகாரிகளின் கைக்கடிகாரங்கள் ஐந்து நிமிடம் முன்பின்னாக இருந்தாலும் கேடில்லை. உடன்பாடு நேரத்தைச் சார்ந்திராமல் இரும்பைச் சார்ந்திருந்தது. கல்பாக்கத்தின் கதையும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது.

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலை 2 அன்று தொடர்வினை நிலையை எட்டி, 1984 ஜனவரியில் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டாம் உலை 1985 ஆகஸ்டில் அந்நிலையை எட்டியது. வடிவமைப்பு கனடா வழி வந்த கனநீர் உலை. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டதால், கட்டி முடித்தது இந்தியப் பொறியாளர்களே. வடிவமைப்போடு கனடாவின் பாதுகாப்பு மரபும் வந்தது. 1952 டிசம்பரில் சாக் ரிவர் ஆய்வகத்தின் என்.ஆர்.எக்ஸ். உலையில் நடந்த விபத்துக்குப் பின் அந்நாட்டுப் பொறியாளர்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்திருந்தார்கள். உலையை ஓட்டும் அமைப்பும் அதை நிறுத்தும் அமைப்பும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. நிறுத்தும் அமைப்பு எதையும் தனிக் கருவியின் பேச்சை மட்டும் நம்பிச் செய்யக்கூடாது என்பது மற்றொன்று.

இரண்டு கருவி வைத்தால் போதாதா என்ற கேள்விக்கு விடை எளிது. இரண்டில் ஒன்று சொன்னாலே உலை நிற்கும் என்று வைத்தால், பழுதான கருவி ஒவ்வொன்றும் காரணமில்லாமல் மின் உற்பத்தியை நிறுத்திவிடும். இரண்டும் சொன்னால்தான் நிற்கும் என்று வைத்தால், ஊமையான ஒரே கருவி உலையை ஆபத்தில் தள்ளும். மூன்று வைத்து இரண்டு சொன்னால் நிறுத்துவது என்றால் இந்த இரு குற்றமும் தீரும். கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்பவர்கள் இதை ‘டூ அவுட் ஆஃப் த்ரீ’ என்றே சொல்வார்கள். மூன்று தனி வரிசைகளுக்குச் சேனல் என்று பெயர்.

ரிலேக் காலத்தில் இந்த வாக்கெடுப்பு எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிலே. நிலைமை சரியாக இருக்கும்போது ரிலேச் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், தொடுமுனைகள் மூடியிருக்கும். உலையைத் தொடர்ந்து ஓட அனுமதிக்கும் மின்னோட்டத்துக்கு மூன்று வழிகள். முதல் வழி ஒன்றாம், இரண்டாம் சேனல்களின் தொடுமுனைகள் வழியாகவும், அடுத்தது இரண்டாம், மூன்றாம் சேனல்கள் வழியாகவும், கடைசி வழி மூன்றாம், ஒன்றாம் சேனல்கள் வழியாகவும் செல்லும். ஒரு சேனல் அபாயம் என்று கைவிட்டால் இரண்டு வழி அறுந்து ஒரு வழி மிஞ்சும், உலை ஓடும். இரண்டு கைவிட்டால் மூன்று வழியும் அறும். இந்த உலைகளில் அப்போது நடப்பது கனநீர் இறக்கம். ஹீலியம் வாயுவின் அழுத்த வேறுபாடு தாங்கி நிறுத்தியிருந்த கனநீர், வால்வுகள் திறந்து அழுத்தம் சமமானதும் கீழ்த்தொட்டிக்குள் விழ, தொடர்வினை நின்றுவிடும். கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் அந்தச் சேனல் நிறுத்தச் சொன்னதாகவே கணக்கு. ஊமைக்கும் ஒரு வாக்கு உண்டு, அது பத்திரமான பக்கத்துக்கே விழும்.

ரிலேக்களுக்கு ஒத்திசைவு என்ற பேச்சே கிடையாது. ஒன்று பத்து மில்லிநொடியில் விடும், இன்னொன்று இருபதில் விடும். இரண்டாவது விட்டதும் வேலை முடிந்தது. மும்மூன்றாக அமைத்ததால் பராமரிப்புக்கும் ஒரு வசதி கிடைத்தது. உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சேனலை நிறுத்தும் நிலைக்குத் தள்ளிச் சோதிக்கலாம். மற்ற இரண்டில் ஒன்று சொன்னாலே உலை நின்றுவிடும் என்பதால் அந்த நேரத்தில் பாதுகாப்பு குறைவதில்லை.

சிக்கல் கணினியோடு வந்தது. 1971இல் கல்பாக்கத்தில் தொடங்கிய உலை ஆய்வு மையம் 1985 டிசம்பரில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயரைப் பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 18 அன்று, அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை உலை இயங்கத் தொடங்கியிருந்தது. பிரான்சின் ராப்சோடி உலையைத் தழுவிய இந்தச் சிறிய உலையைக் குளிர்விப்பது திரவ சோடியம். கனநீர் உலையைவிட இதில் கண்காணிக்க வேண்டிய வெப்பநிலைகள் மிகுதி. ஒவ்வொரு எரிபொருள் கட்டிலிருந்தும் வெளிவரும் சோடியத்தின் சூட்டைப் பார்த்து, சராசரி கணக்கிட்டு, எதிர்பார்த்த அளவிலிருந்து எது விலகுகிறது என்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை ரிலேயிடம் கொடுக்க முடியாது. மையத் தரவுச் செயலாக்க அமைப்பு என்ற பெயரில் கணினி இந்த உலைக்குள் வந்தது அதனால்தான்.

எரிபொருள் கட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பது அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று தோன்றலாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே என்ரிகோ பெர்மி சோடிய உலையில் 1966 அக்டோபர் 5 அன்று நடந்ததை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. கழன்று மிதந்த ஒரு சிர்கோனியத் தகடு சோடியம் நுழையும் வழியை அடைத்துக்கொள்ள, இரண்டு எரிபொருள் கட்டுகள் பகுதியளவு உருகிவிட்டன. ஒரு மூலையில் அடைப்பு ஏற்பட்டால் மொத்த உலையின் சராசரி வெப்பநிலை அதைக் காட்டிக்கொடுக்காது.

கணினி வந்ததும் ரிலேயிடம் இல்லாத இரண்டு குணங்கள் சேர்ந்தே வந்தன. முதலாவது, கணினி உறைந்துபோகும்போது கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். ‘எல்லாம் நலம்’ என்ற வெளியீட்டோடு உறைந்துவிட்டால் ஊமைக்கு வாக்கு என்ற பழைய ஏற்பாடு செல்லாது. இரண்டாவது, கணினி தொடர்ந்து பார்ப்பதில்லை, சுற்றுச் சுற்றாகப் பார்க்கிறது. உள்ளீடுகளைப் படிப்பது, கணக்கிடுவது, முடிவை வெளியிடுவது, மறுபடி படிப்பது என்று அந்தச் சுற்று போகும். மூன்று கணினிகள் என்றால் மூன்று சுற்றுகள். அவை ஒரே நொடியில் தொடங்கினாலும் சேர்ந்து ஓடா. சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகினால் ஒரு நாளில் 4 நொடிக்கு மேல் தள்ளிப்போகும். ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் ஓடினால் இடைவெளி 8 நொடியைத் தாண்டும். காலையில் ஒன்றாகப் படித்த கணினிகள் மாலைக்குள் வேறுவேறு கணங்களில் படித்துக்கொண்டிருக்கும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரே கடிகாரத்தைக் கொடுத்துவிடலாமே என்பதுதான் உடனே தோன்றும் யோசனை. அந்தக் கடிகாரம் நின்றால் மூன்றும் நிற்கும், அது தாறுமாறாக ஓடினால் மூன்றும் தாறுமாறாகும். மும்மூன்றாக வைத்ததன் பயன் அத்தனையும் ஒரு படிகத்தில் போய்விடும். கடிகாரங்களைத் தனியே விட்டு, கணினிகளே செய்தி பரிமாறி நேரத்தைச் சரிசெய்துகொள்வது அடுத்த வழி. அமெரிக்க விண்வெளி ஓடம் அந்த வழியில் போனது. 1981 ஏப்ரல் 10 அன்று கொலம்பியாவின் முதல் பயணம் புறப்பட வேண்டிய நேரத்தில், நான்கு முதன்மைக் கணினிகளோடு ஐந்தாவதான மாற்றுக் கணினி ஒத்திசைய மறுத்தது. எப்போதோ மென்பொருளில் செய்த சிறு மாற்றத்தால், கணினிகளைத் தொடக்கும்போது 67இல் ஒரு முறை நேரக்கணக்கு பிசகும் வாய்ப்பு உருவாகியிருந்தது. அந்த ஒரு முறை புறப்படும் நாளிலேயே வந்து வாய்த்தது. பயணம் இரண்டு நாள் தள்ளிப்போனது. பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒத்திசைவே கோளாறுக்கு வாசலாகும் என்பதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதே காலத்தில் கோட்பாட்டு வழியிலும் ஒரு கசப்பான செய்தி வந்தது. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகிய மூவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் சொல்லக்கூடிய ஒரு பொய்யன் கூட்டத்தில் இருந்தால், வெறும் செய்திப் பரிமாற்றத்தால் மூவர் உடன்பாட்டுக்கு வரவே முடியாது. குறைந்தது நால்வர் வேண்டும். கடிகாரங்களைப் பரஸ்பரம் சரிசெய்வதற்கும் ஏறக்குறைய இதே வரம்புதான் என்று பின்னால் நிறுவப்பட்டது. அப்படியென்றால் உலகெங்கும் அணு உலைகளில் மூன்று சேனல்களை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள்?

அங்கே மூன்று கணினிகளையும் யாரும் உடன்பாட்டுக்கு வரச் சொல்லவில்லை என்பதே விடை. அவை ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. ஒவ்வொன்றும் தன் முடிவைத் தனிக் கம்பியில் வெளியே அனுப்புகிறது, வாக்கை எண்ணுவது கணினிக்கு வெளியே உள்ள வன்பொருள். பொய்யன் ஆளுக்கொரு பேச்சுப் பேசுவதற்குக் கேட்பவர் பலர் வேண்டும். இங்கே ஒவ்வொரு கம்பியும் எண்ணும் சுற்றுக்கு மட்டுமே போகிறது. பழைய டோக்கன் கருவியைப் போல, உடன்பாடு இங்கேயும் நேரத்திலிருந்து இரும்புக்கு மாறிவிட்டது.

நேரம் பிசகுவதால் வாக்கு சிதறாதா என்ற சந்தேகம் மிஞ்சுகிறது. சுற்று ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், அபாயம் தோன்றியபின் ஒரு கணினி 0.1 நொடியில் அதைப் பார்க்கும், இன்னொன்று 0.5 நொடியில், மூன்றாவது 0.9 நொடியில் பார்க்கும். இரண்டாவது கணினி சொன்னதும் உலை நிற்கும். மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒத்திசைந்திருந்தால்? அபாயம் சுற்று முடிந்த மறுகணம் தோன்றினால் மூன்றுமே முழு ஒரு நொடி கழித்துத்தான் பார்க்கும். மிக மோசமான தாமதம் இரண்டு ஏற்பாட்டிலும் ஒரே அளவுதான், ஒத்திசைவால் ஒரு மில்லிநொடிகூட மிச்சமாகாது. மாறாக நட்டம் உண்டு. ஒரே கணத்தில் மூன்றும் படித்தால், அந்தக் கணத்தில் பாயும் ஒரு மின்இரைச்சல் மூன்றையும் ஒன்றுபோல ஏமாற்றும். வேறுவேறு கணங்களில் படிப்பது, யாரும் தனியாகச் செலவழிக்காமல் கிடைத்த காப்பு. சொன்ன வாக்கை உடனே மாற்றிக்கொள்ளாமல் பிடித்துவைத்திருந்தால் போதும், முன்பின்னாக வந்த வாக்குகளும் ஒன்று சேர்ந்துவிடும்.

இந்தச் சிந்தனை முழு அளவில் வடிவம் பெற்றது 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில். 2004 அக்டோபர் 23 அன்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் கட்டுமானத்தைத் தொடங்கிவைத்தார். பாவினி நிறுவனம் கட்டிய இந்த உலையின் மையப்பகுதியில் 181 எரிபொருள் கட்டுகள். சோடியம் 397 பாகை செல்சியசில் நுழைந்து 547 பாகையில் வெளியேறும். கொதிநிலை 883 பாகை. உலையின் மையப்பகுதியின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் வேலை மூன்று தனி நிகழ்நேரக் கணினிகளிடம். வி.எம்.இ. பாட்டையில் பொருத்திய, மோட்டரோலா 68020 செயலி கொண்ட அட்டைகளை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு என்ற வாக்கு வழியே கட்டுப்பாட்டுத் தண்டுகளைத் தாங்கும் மின்காந்தங்களுக்கு ஆணை போகும். நிறுத்தும் அமைப்புகளும் இரண்டு, ஒன்றில் 9 தண்டுகள், மற்றதில் 3. காந்தம் பிடியை விட்டதும் ஏறத்தாழ ஒரு நொடியில் தண்டுகள் உள்ளே விழுந்துவிடும்.

வாக்கை எண்ணும் சுற்றே பழுதானால் என்ன செய்வது? இதற்குக் கல்பாக்கத்தில் கையாண்ட உபாயங்கள் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. முதல் நிறுத்த அமைப்பின் தருக்கச் சுற்றுக்குள், உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மிகக் குறுகிய சோதனைத் துடிப்புகளை ஓயாமல் அனுப்புகிறார்கள். துடிப்பு போய் வருவதைக் கொண்டு சுற்று உயிரோடிருப்பது தெரியும். மின்காந்தம் அசைவதற்கு எடுக்கும் நேரத்தைவிடத் துடிப்பு மிகக் குறுகியது, ஆகவே தண்டு விழாது. இரண்டாம் அமைப்பில் வேறு முறை. அங்கே ‘நலம்’ என்ற செய்தியே நிலையான மின்னழுத்தமாக இல்லாமல் துடிப்புத் தொடராக ஓடுகிறது. எந்தப் பழுது நேர்ந்தாலும் தொடர் அறுந்து தண்டு விழும். கணினி உறைந்துபோய் ‘நலம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும் ஆபத்துக்கும் இதே பாணியில்தான் மருந்து: குறித்த இடைவெளியில் தட்டாவிட்டால் சேனலைக் கைவிடச் செய்யும் காவல் கடிகாரம். இரு அமைப்புகளையும் ஒரே முறையில் கட்டாதது வேண்டுமென்றே செய்தது. ஒரே சிந்தனைப் பிழை இரண்டையும் சாய்த்துவிடக்கூடாது.

நிறுத்துவதற்கு ஒத்திசைவு வேண்டாம், சரி. ஓட்டுவதற்கு வேண்டும். உலையின் திறனையோ நீராவி அழுத்தத்தையோ சீராக வைத்திருக்கும் கட்டுப்பாட்டில், ஒரு கணினி வேலை செய்ய இன்னொன்று தயார்நிலையில் காத்திருக்கும். பாபா அணு ஆராய்ச்சி மையம் 220 மெகாவாட் கனநீர் உலைகளுக்காக இத்தகைய இரட்டைச் செயலி அமைப்பை உருவாக்கியது. 2000ஆம் ஆண்டில் உற்பத்திக்கு வந்த கைகா உலைகளில் அது இடம்பெற்றது. முன்மாதிரி ஈனுலையிலும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு சார்ந்த பணிகளுக்கு இரட்டைக் கணினியும், ஒன்று விழுந்தால் மற்றதற்கு மாற்றும் சுற்றும் வைத்தார்கள்.

காத்திருக்கும் கணினிக்கும் அதே உள்ளீடுகள், அதே நிரல். ஆகவே அதே விடையைத்தானே வைத்திருக்கும் என்று நினைப்பது இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் விழும் குழி. கட்டுப்பாட்டு நிரல், குறிக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுற்றுக்குச் சுற்று கூட்டிக்கொண்டே போகும். இரு கணினிகளின் அளவுமானிகளில் நூற்றில் ஒரு பங்கின் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால்கூட, அந்தக் கூட்டுத்தொகை மணிக்கணக்கில் வளர்ந்து இரண்டையும் எதிரெதிர் எல்லைக்குக் கொண்டுபோய்விடும். வேலை செய்யும் கணினியின் பிழையை உலையின் எதிர்வினை திருத்திக்கொண்டே இருக்கும். காத்திருப்பதற்கு அந்தத் திருத்தம் இல்லை. திடீரென்று பொறுப்பு கைமாறினால் வால்வு ஒரேயடியாகக் குதிக்கும். இதனால் முதல் கணினி தன் உள்நிலையைச் சுற்றுதோறும் இரண்டாவதுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் பாதி எழுதிய நிலையில் மற்றது படித்துவிடாதபடி. அதே சமயம் பழுதான கணினி தன் பழுதையும் சேர்த்துக் கொடுத்துவிடக்கூடாது. சேனல்களைப் பிரித்துவைப்பது ஓர் ஒழுங்கு என்றால், இது அதைவிடக் கடினமான ஒழுங்கு.

ஒத்திசைவு தவிர்க்கவே முடியாத இரண்டாவது இடம் பதிவேடு. உலை நின்றபின் முதலில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். பம்பு நின்றதால் டர்பைன் நின்றதா, டர்பைன் நின்றதால் பம்பா? எல்லாச் சமிக்ஞைகளும் சில மில்லிநொடிக்குள் வரிசையாக விழுந்திருக்கும். வெவ்வேறு கணினிகள் தத்தம் நேரத்தில் பதிந்திருந்தால் விளைவு காரணத்துக்கு முந்தியதாகக் காட்டும் பதிவேடு கிடைக்கும். அதனால் நிகழ்வுப் பதிவுக்கு மட்டும் ஒரு தலைமைக் கடிகாரம் நேரம் வழங்குகிறது. செயற்கைக்கோள் நேரம் கைக்கு எட்டியபின் இந்த வேலை சுலபமாயிற்று. அந்தக் கடிகாரம் பழுதானால் பதிவேடு குழம்பும், பாதுகாப்பு குழம்பாது.

    

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கனநீர் உலைகளின் கணினி அமைப்புகளுக்கான வழிகாட்டி ஏட்டை 2010இல் வெளியிட்டது. அதற்குள் உலகளவில் இத்துறை ஒரு சிக்கன மரபுக்குப் பழகியிருந்தது. பாதுகாப்புச் சேனலின் நிரல் சிறியதாகவும், ஒரே வரிசையில் சுற்றி வருவதாகவும், குறுக்கீடுகள் குறைந்ததாகவும், சுற்றுக்கு எடுக்கும் நேரம் முன்கூட்டியே கணக்கிடத்தக்கதாகவும் இருக்க வேண்டும். மேசைக் கணினி உலகில் இன்று இப்படி எழுதினால் பழமைவாதி என்பார்கள்.

பழமை வேறொரு வகையிலும் தொல்லை கொடுக்கிறது. மோட்டரோலா 68020 செயலி சந்தைக்கு வந்தது 1984இல், சென்னை அணுமின் நிலையம் வணிக உற்பத்தி தொடங்கிய அதே ஆண்டு. ஈனுலையின் கட்டுமானம் தொடங்கிய 2004இல் மோட்டரோலாவின் சில்லுப் பிரிவு பிரீஸ்கேல் என்று பிரிந்தது. 2015இல் அதுவும் என்.எக்ஸ்.பி.யில் கலந்தது. ஈனுலையில் எரிபொருள் ஏற்றும் பணி 2024 மார்ச் 4 அன்று பிரதமர் முன்னிலையில் தொடங்கியபோது அந்தச் செயலிக்கு 40 வயது. உலையின் ஆயுள் பல பத்தாண்டு, சில்லின் ஆயுள் சில ஆண்டு. அட்டையை மாற்றினால் நிரலை மீண்டும் சரிபார்க்க வேண்டும், சுற்று நேரத்தை மீண்டும் அளக்க வேண்டும், காவல் கடிகாரத்தின் இடைவெளியை மீண்டும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு சேனலும் தனித்தனி என்பதால் ஒன்றை மட்டும் கழற்றிப் புதியதை மாட்டிச் சோதிக்கலாம், மற்ற இரண்டும் காவலில் இருக்கும். மூன்றும் ஒரே கடிகாரத்தில் கட்டுண்டிருந்தால் உலையை நிறுத்தாமல் அந்த வேலையில் கைவைக்க முடியாது.